எங்கள் வீட்டில் இல்லாத பத்து மாடுகள்

1

எங்கள் வீட்டில் பத்து மாடுகள் இருந்ததாக இந்தப் பத்திரிகையில் முன்பு இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டுடன் இருந்த சுட்டி என்ற பசு, அது ஈன்ற செவலைக் கன்று, மார்கழி விடியலில் கொட்டகையிலிருந்து கிளம்பும் மூச்சுக்காற்றின் ஆவி என்று வரிசையாக எழுதினேன். மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர், தன் தாத்தா வீட்டுத் தொழுவமும் அச்சாக அப்படித்தான் இருந்தது என்று பாராட்டியிருந்தார். நன்றி சொல்லிப் பதிலும் போட்டேன்.

சுட்டி உண்மை. கன்று உண்மை. 'எங்கள் வீட்டில்' என்பது மட்டும் பொய்.

அவை எங்கள் கிராமத்து மிராசுதாரின் மாடுகள். என் அப்பா அவருடைய பண்ணையாள். கொட்டகையைக் கூட்டுவது, சாணி அள்ளுவது, வைக்கோல் பிடுங்கிப் போடுவது, வாய்க்காலில் இறக்கிக் குளிப்பாட்டுவது, மேய்த்துக்கொண்டு வந்து கட்டுவது எல்லாம் அவர் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மேய்ப்பது என் வேலை. அறுவடைக் காலத்தில் பள்ளிக்கூடம் இருக்கிற நாட்களிலும் என் வேலைதான். எங்கள் வீட்டில் கோழிகள் இருந்தன.

கும்பகோணத்தில் கல்லூரி, ஆப்பிரிக்காவில் சில வருடம் வாத்தியார் உத்தியோகம், பிறகு இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர் என்று என் வாழ்க்கை போயிற்று. இங்கே வந்த முதல் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கல் தட்டை நீட்டிக்கொண்டே ஒருவர் கேட்டார்.

"தஞ்சாவூர் ஜில்லாவா? ரொம்ப சந்தோஷம். எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட, நமக்குப் பக்கம்தான். ஊர்ல எந்தத் தெரு?"

அந்தக் கேள்வி எதற்காக என்று இதை வாசிக்கிற யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு கண்டம் தாண்டி வந்தவனை அது இங்கேயும் வந்து பிடித்துவிட்டது. நான் தெருவைச் சொல்லவில்லை. "கடைமடைப் பக்கம். வாய்க்காலை ஒட்டி வீடு. பத்து மாடு இருந்துது" என்றேன். கேட்டவர் திருப்தியாகத் தலையாட்டினார். பத்து மாடு உள்ளவனிடம் மேற்கொண்டு கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அந்த மாடுகளை நான் விடவேயில்லை.

2

எங்களுக்கு ஒரே மகள், வெண்ணிலா. வீட்டில் நிலா. இங்கேயே பிறந்தவள். வகுப்பில் யாருக்கும் அவள் பெயர் வாயில் நுழையாமல் வனிலா ஆக்கிவிட்டார்கள். நான் ஒரு தடவை பள்ளிக்கே போய் நாக்கை எங்கே மடிக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். தலைமையாசிரியை கவனமாகக் கேட்டுவிட்டு, "வனிலா பாக்கியசாலி, இவ்வளவு அக்கறையான அப்பா" என்றார்.

அவளுக்குத் தூக்கம் வர நான் சொன்ன கதைகள் எல்லாம் மாட்டுக் கதைகள். சுட்டி வரப்பிலிருந்து வழுக்கி வாய்க்காலில் விழுந்தது. எங்கள் பக்கத்து உம்பளச்சேரி இனக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, சில மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறுவது. "அது ஏம்பா நிறம் மாறுது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். வேதியியல் படித்தவனுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அவளுடைய தமிழே இந்தக் கதைகளால் ஆனது. கட்டுத்தறி என்றால் தெரியும், மூக்கணாங்கயிறு தெரியும். 'வாடகை' என்றால் விழிப்பாள். ஊருக்குக் கூட்டிப் போ என்று கேட்டபோதெல்லாம் லீவு இல்லை, டிக்கெட் விலை, வெயில் என்று எதையாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். அண்ணனைக் கும்பகோணத்துக்கு வரச்சொல்லி, ஓட்டலில் வைத்து ஒரே ஒரு முறை அவளுக்குக் காட்டினேன். ஊருக்குப் போனால் தெரு தெரிந்துவிடுமே.

மருந்தியல் படித்தாள். ஆஸ்பத்திரியில் நல்ல வேலை. விசா அலுவலகத்தில் வரிசையில் நின்று நின்று என் மனைவி செல்வியும் நானும் தேய்ந்ததெல்லாம் இதற்குத்தான் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அப்பா, வேலையை விட்டுட்டேன். ஒரு பழைய பால்பண்ணையில சேந்திருக்கேன். மாட்டைப் பாத்துக்கிற வேலை. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் முகத்தில் பரிசு வாங்கிவந்த பிள்ளையின் சிரிப்பு இருந்தது. நான் சொன்னது இது: "மாடு மேய்க்கத்தான் நீ லாயக்கா? சாணி அள்றவளுக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

வார்த்தை என்னுடையது இல்லை. ஆறாம் வகுப்பில், வழிதவறிய கன்றைத் தேடிப் பிடித்துக் கட்டிவிட்டுத் தாமதமாக வந்த ஒரு நாளில், எங்கள் வாத்தியார் என்னை வாசலில் நிறுத்திச் சொன்னது. "மாடு மேய்க்கத்தான்டா நீயெல்லாம் லாயக்கு. சாணி அள்றவனுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன வேலை?" ஆணைப் பெண்ணாக்கியதும், பள்ளிக்கூடத்தை வீடாக்கியதும் மட்டும்தான் நான் செய்த மாற்றம்.

நிலா தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகு அவள் இங்கே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செல்வி மாதம் ஒரு முறை கோயிலுக்கு என்று சொல்லி ரயில் ஏறுவாள். திரும்பி வந்து அவள் ஆணியில் மாட்டும் கோட்டில் வரும் வாசனை எந்தக் கோயில் வாசனை என்று எனக்குத் தெரியும். காய்ந்த புல்லும் கோமியமும் கலந்த வாசனை. பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்க வாய் வரும். கேட்டதில்லை.

3

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் மூத்தவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. வருடத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து எங்காவது போவோம். ஒரு வருடம் அரண்மனை, ஒரு வருடம் கடற்கரை. இந்த வருடம் பழமையான ஒரு பால்பண்ணை என்றார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாகப் பால் கறந்துகொண்டிருக்கிற இடம், இன்றும் வேலை நடக்கிறது, விரும்புகிறவர்கள் கையால் கறந்து பார்க்கலாம் என்று சொன்னார் சண்முகம்.

சண்முகம் ஓய்வுபெற்ற கணக்காளர். கும்பகோணத்துக்குக் கிழக்கே நிலபுலன் உள்ள குடும்பம். பத்து மாடு விஷயத்தை என்னைவிட அதிகமாகப் பரப்பியவர் அவர். பஸ்ஸில் இருக்கை இருக்கையாக முறுக்கு டப்பாவை நீட்டிக்கொண்டு வந்தார்.

"சார், இன்னிக்கு உங்க நாள். நாங்க மாட்டைப் பொங்கலுக்குப் பொட்டு வைக்கிறப்பத்தான் பாத்தவங்க. நீங்க உக்காந்து ரெண்டு பீச்சு பீச்சிக் காட்டணும்."

"முட்டி மடங்க மாட்டேங்குது சண்முகம்."

"மாட்டைப் பாத்தா தானா மடங்கும் சார்."

நெடுஞ்சாலையிலிருந்து பஸ் பிரிந்து சின்ன சாலையில் இறங்கியதும் செல்வி என் பக்கம் சாய்ந்தாள்.

"என்னங்க, கத்தாதீங்க. நிலா இருக்கிற பண்ணைதான்."

"யாரு ஏற்பாடு இது?"

"நான்தான். சண்முகம் அண்ணன்கிட்ட இந்த இடத்தைச் சொன்னேன். நம்ம பொண்ணு அங்க இருக்கிறது அவருக்குத் தெரியாது."

"வண்டியை நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தினா? இந்த மழைத் தூத்தல்ல நடந்தா போவப்போறீங்க?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் பக்கம் போலவே சமவெளி. நெல்லுக்குப் பதிலாகப் புல். செல்வி எங்கள் ஊர்க்காரி, எங்கள் தெருக்காரி. முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக என் பொய்க்குப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"பொய் சொன்னது நீங்க. அதை நம்பினது அவ. கோவம் மட்டும் உங்களுக்கு வருதே, அது எப்படிங்க?"

முன் இருக்கையில் யாரோ பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் அவளிடம் பேசாமல் திரும்பினால் பிறகு பேசவே மாட்டோம் என்று தோன்றியது. எழுபத்து நான்கு வயதில் அடுத்த முறை என்பதை நம்பி எதையும் ஒத்திப்போட முடியாது.

4

செங்கல் சுவர், தாழ்ந்த கூரை, நடந்து நடந்து வழவழப்பான கல் தரை. பெரும்பாலான மாடுகளுக்கு மெஷின் கறவை. பார்வையாளர்களுக்காக இரண்டு பசுக்களை மட்டும் பழைய கொட்டகையில் கட்டிவைத்துக் கையால் கறக்கிறார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் என் மூக்கு என்னைக் கேட்காமலே ஊருக்குப் போய்விட்டது. இதை வெறுத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்திருந்தேன். மூச்சை ஆழமாக இழுத்தேன்.

நிலா ரப்பர் பூட்ஸும் நீல மேலங்கியுமாக ஒரு சிவப்புப் பசுவின் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. பிறகு அதை முடித்தாள். "எல்லாரும் வாங்க" என்றாள் தமிழில். என்னிடம் திரும்பி, "வாங்கப்பா" என்றாள். மெலிந்திருந்தாள். தோள்கள் அகன்றிருந்தன.

"நம்ம நிலாவா சார் இது? இங்க வேலை பாக்குறதாச் சொல்லவேயில்லையே" என்றார் சண்முகம்.

நிலா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "எங்கப்பா வீட்ல பத்து மாடு இருந்துது. சின்ன வயசுல தினம் கதை சொல்வாங்க. எனக்கு இந்த வேலை மேல ஆசை வந்ததே அதனாலதான்."

குத்திக்காட்டவில்லை. அப்படியே நம்பிச் சொன்னாள்.

"அப்ப முதல்ல சார்தான்" என்று கூட்டம் என்னை முன்னே தள்ளியது.

பசுவின் பக்கம் போனேன். முன்னாலிருந்து, அது பார்க்கும்படி. கழுத்தில் கை வைத்தேன். தாடைக்குக் கீழே தொங்கும் தோலை நீவிவிட்டேன். வாய் தானாக ஊர்ச் சத்தம் ஒன்றை எழுப்பியது. அறுபது வருடமாக நான் எழுப்பாத சத்தம். பசு தலையைத் தாழ்த்தி நின்றுகொண்டது. "பாத்தீங்களா, கை பேசுது" என்றார் சண்முகம். யாரோ கை தட்டினார்கள். நிலா வெதுவெதுப்பான தண்ணீரால் மடியைத் துடைத்து, முக்காலியை நகர்த்தி வைத்தாள். நான் உட்கார்ந்தேன். முட்டி மடங்கத்தான் செய்தது.

கை மட்டும் போகவில்லை.

பண்ணையில் மற்ற எல்லா வேலையும் எங்களுடையது. பால் கறக்க மட்டும் வேறு தெருவிலிருந்து ஒருவர் செம்போடு வருவார். கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டு, பசுவுக்குப் பால் சுரந்ததும் கன்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பது என் வேலை. மடியிலும் செம்பிலும் எங்கள் கை படக்கூடாது. பட்டால் அந்தப் பால் அந்த வீட்டுக்கு ஆகாது. ஒரு நாள் மேய்ச்சலில், யாரும் இல்லை என்று நினைத்துச் சுட்டியின் மடியில் கை வைத்துப் பார்த்தேன். வரப்பில் வந்துகொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டார். என்னை அவர் அடித்தது அந்த ஒரு முறைதான். அடித்துவிட்டு, "ஆண்டைக்குத் தெரிஞ்சா நம்ம எங்கடா போவோம்" என்று சொல்லிச் சேற்றில் உட்கார்ந்து அழுதார்.

அந்தக் கைதான் இப்போது ஒரு சிவப்புப் பசுவின் மடிக்கு ஒரு சாண் கீழே நின்றது. நேரம் போனது. கூட்டம் கிசுகிசுக்க ஆரம்பித்தது. நிலா குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் கோவம் போகலையாப்பா?"

அவள் அதை அப்படிப் புரிந்துகொண்டாள். தன் வேலையைத் தொடக்கூட அப்பாவுக்கு அருவருப்பு என்று.

"வேணாம்னா விடுங்க. கட்டாயம் இல்ல" என்று நிமிர்ந்து, அடுத்தவரைப் பார்த்தாள்.

"சாருக்கு முட்டி வலி, அதான்" என்று சண்முகம் எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். நல்ல மனிதர். எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டே நகர்ந்திருந்தால் பத்து மாடுகளும் பத்திரமாக இருந்திருக்கும். மகள் போயிருப்பாள்.

"முட்டி இல்ல சண்முகம்" என்றேன். "எனக்குக் கறக்கத் தெரியாது."

"சும்மா சொல்லாதீங்க சார். பத்து மாட்டுக்காரரு நீங்க."

"அது எங்க மாடு இல்ல. மிராசுதார் மாடு. எங்கப்பா அங்க பண்ணையாள். நாங்க சாணி அள்ளலாம், மேய்க்கலாம், குளிப்பாட்டலாம். மடியைத் தொடக்கூடாது. அதனால கறக்கத் தெரியாது."

சத்தமாகத்தான் சொன்னேன். நாற்பது வருடம் வகுப்பெடுத்த குரல். எங்கோ மெஷின் ஓடுகிற சத்தம் அதற்குப் பிறகு தெளிவாகக் கேட்டது. சண்முகம் தன் ஷூவைப் பார்த்தார். "அதுக்கென்ன சார், இப்பல்லாம் யாரு அதை…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவரும் ஒரு காலத்தில் என்னிடம் தெருவைக் கேட்டவர்தான்.

நிலா என்னைப் பார்க்கவில்லை. "அடுத்து யாரு?" என்றாள்.

5

எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். செல்வி என்னைக் கன்றுகள் இருக்கும் பக்கம் அழைத்துப்போய் வைக்கோல் கட்டு ஒன்றின் மேல் உட்காரவைத்தாள். "இங்கேயே இருங்க. அவ வருவா" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குப் போனாள். எங்கள் இருவரையும் தனியாக விடுவதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அவள் தேநீர் குடிப்பதில்லை.

நிலா வந்தாள். உட்காரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவும் எங்க தெருதான்."

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது."

"ஆமா."

"ஏன்?"

"நீ சின்னப் பிள்ளை. விழாவுக்கு வர்றவங்ககிட்ட சொல்லிடுவியோன்னு பயம். அப்புறம் நீ பெரியவளாயிட்ட. அப்ப எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"ரெண்டு வருஷம்ப்பா. ஆஸ்பத்திரி வேலையை விட்டதுதான் கோவம்னு நெனச்சேன். காசு கம்மின்னு கோவம்னு நெனச்சேன். என்னென்னவோ நெனச்சேன். நீங்க சொன்னதை நான் ஒரு நாள்கூட மறக்கல."

"அது எனக்கு எங்க வாத்தியார் சொன்னது. அப்படியே உனக்குச் சொல்லிட்டேன். அதைவிடக் கேவலமா வேற எதையும் நான் செஞ்சதில்ல நிலா. நீ அன்னைக்குத் தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போனியே, அதைத் தினம் நெனப்பேன். போனை எடுப்பேன். வெச்சிடுவேன்."

"எடுத்து ஒரு தடவை போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்."

ஒரு கன்று கம்பிக்கு வெளியே தலையை நீட்டி என் கோட்டுப் பொத்தானைச் சப்பியது. நிலா அதன் வாயிலிருந்து பொத்தானை விடுவித்தாள். சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா எப்படி?" என்று கேட்டாள். "நெசமான தாத்தா. கதைத் தாத்தா இல்ல."

சொன்னேன். கதைகளில் வந்த தாத்தா வெள்ளை வேட்டி கட்டிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். உண்மையான தாத்தாவுக்குக் கோவணமும் ஒரு துண்டும். கன்று மாட்டின் வயிற்றில் குறுக்கே நின்றால் கையை விட்டுத் திருப்பி எடுக்கத் தெரிந்தவர். நாலு ஊருக்கு அவரைக் கூப்பிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவர் கை எங்கே பட்டாலும் யாருக்கும் குற்றமில்லை. கன்று வெளியே வந்து, மாடு எழுந்து நின்றதும், மறுபடி தள்ளி நிற்க வேண்டும்.

"அந்தப் பால் நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"மோர் ஊத்துவாங்க. தூக்கிப் பிடிச்சு, எங்க சட்டியில."

நிலா கையுறையைக் கழற்றிப் பையில் போட்டாள். பிறகு எழுந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்க. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு."

6

கொட்டகையில் யாரும் இல்லை. சிவப்புப் பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. மறுபடி முக்காலி. நிலா எனக்குப் பின்னால் குந்தி, என் கையைப் பிடித்துக் கொண்டுபோய் மடியில் வைத்தாள். அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"மேல கட்டைவிரலையும் இந்த விரலையும் மூடுங்க. பால் மேல ஏறாம. அப்புறம் ஒவ்வொரு விரலா மடக்குங்க. இழுக்காதீங்கப்பா, அது கோயில் மணிக்கயிறு இல்ல."

ஒன்றும் வரவில்லை. பசு காலை மாற்றி வைத்தது. மறுபடி செய்தேன். என் ஷூவின் மேல் கொஞ்சம் பீச்சியது. மறுபடி. வாளியின் அடியில் தகரத்தில் சர்ரென்று ஒரு சத்தம். அது நின்றுபோகக் கூடாதே என்று அடுத்ததை அவசரமாகச் செய்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை விரல்களில் குடைச்சல். வாளியில் ஒரு டம்ளர் அளவுக்கு நுரையோடு பால். கண்ணீர் மறைத்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

"அம்மாவுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. இதைக் குடிக்கக்கூடாது. வெளியாளுங்க கை பட்ட பாலை மனுஷங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு ரூல்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தேன். பசு திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

"யார் கை பட்டாலுமா?" என்றேன்.

"யார் கை பட்டாலும்ப்பா. ராஜா வந்து கறந்தாலும் கன்னுக்குத்தான்."

"சண்முகம் கறந்தது?"

"அதுவும்தான்."

அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே என் தோளில் நெற்றியை வைத்தாள். சிரிப்பு எப்போது வேறொன்றாக மாறியது என்று தெரியவில்லை. வாளியை நானே எடுத்துக்கொண்டு போய் அந்தப் பொத்தான் திருடனுக்கு ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியை முட்டியது.

திரும்பும் பஸ்ஸில் ஒரு தம்பதி எங்களோடு பேசவில்லை. காலையில் நன்றாகப் பேசியவர்கள்தான். சண்முகம் முறுக்கு டப்பாவுடன் வந்து, கொஞ்ச நேரம் நின்று, என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை மழையைப் பற்றியே பேசினார். வேறு எதைப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் எழுந்து போகவில்லை.

ஊரில் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "ஏன்டா, இங்க வந்திருந்தா நான் கத்துக் குடுத்திருப்பேனே?" என்றுதான். அவர் மகன் இப்போது சொந்தமாகவும் குத்தகைக்கும் நிலம் வைத்திருக்கிறான். கொட்டகையில் நாலு கறவை மாடு. "நம்ம மருமவதான் கறக்குறா. பால் சொசைட்டிக்குப் போக மிச்சம் அந்த மிராசுதாரு வீட்டுக்கும் நம்ம பால்தான் போவுது. நீ என்னமோ லண்டன்ல போயி ஒரு டம்ளர் கறந்தேன்கிற."

"லண்டன் இல்லண்ணே."

"எதா இருந்தா என்ன. பொண்ணை இந்தத் தடவை ஊருக்குக் கூட்டிட்டு வா. கும்பகோணம் ஓட்டலுக்கெல்லாம் நான் வரமாட்டேன்."

தைக்கு டிக்கெட் போட்டாயிற்று. மூன்று பேருக்கும்.

இதற்கிடையே வியாழக்கிழமைகளில் நான் பண்ணைக்குத் தொண்டராகப் போகிறேன். இந்த நாட்டில் சாணி அள்ளுவதற்கும் முன் அனுமதி வேண்டும். தடுப்பூசி போட்டார்கள், பாரம் தூக்குவது எப்படி என்று படம் காட்டினார்கள், என்னைப் பல வருடம் அறிந்த, உறவல்லாத இரண்டு பேர் நல்லவன் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். ஒருவர் சண்முகம். முன் அனுபவம் உண்டா என்று மேலாளர் அம்மா கேட்டபோது, "உண்டு. பண்ணையாள் மகன்" என்றேன். அதன் முழு அர்த்தமும் அவருக்குப் புரிந்திருக்காது. "பிரமாதம்" என்றார்.

புதிதாகச் சேருகிற யாரும் கொட்டகை கழுவுவதிலிருந்துதான் தொடங்க வேண்டுமாம். மண்வெட்டியை நிலா தயங்கித் தயங்கி நீட்டினாள். வாங்கி, ஊரில் அள்ளுகிற மாதிரியே சுவரோரமாக ஒதுக்கி அள்ளினேன். இடுப்பு மட்டும் பழைய இடுப்பு இல்லை. அதற்குப் பிறகு கறவைக்கு உட்கார்ந்தேன்.

போன வியாழன் வாளியில் பாதிக்கு மேல் வந்தது. நிலா எட்டிப் பார்த்தாள். போய் இரண்டாவது பசுவை அவிழ்த்துக் கொண்டுவந்து என் பக்கத்தில் கட்டினாள்.